புழுதியின் மோழைக் கன்று

கன்று மோழை.

பிறந்து ஈரம் காய்வதற்குள் தடவிப் பார்த்துவிட்டேன். கொம்பு வர வேண்டிய கன்றுக்குக் காதுக்கு மேலே இரண்டு பக்கமும் மயிர் சுழித்திருக்கும். விரலை வைத்து அழுத்தினால் அந்த இடம் தனியாகத் தெரியும். இதற்குச் சுழியும் இல்லை, ஒன்றும் இல்லை. உச்சந்தலை முட்டையின் கூர்முனை மாதிரிக் குவிந்திருந்தது. காளைக் கன்று. கால்கள் நேராக இருந்தன. தாய் நக்கி முடிப்பதற்குள் எழுந்து நின்று மடியைத் தேடியது. குறை சொல்ல வேறு எதுவும் இல்லை.

எங்கள் தகப்பன் வழியில் கொம்பில்லாத மாடு வைத்துக்கொள்ளக் கூடாது. அதன் கறியைத் தின்னக் கூடாது. மோழைப் பசுவின் பாலை எங்கள் முன்னோர் தீக்கு, அவர்களுக்காக அணையாமல் காக்கிற தீக்கு, முன்னால் கொண்டுவரக் கூடாது. ஏன் என்று என் அப்பாவை நான் கேட்டதில்லை. அவரும் அவர் அப்பாவைக் கேட்டிருக்க மாட்டார். மோழை பிறந்தால், அடுத்த பிறை தெரிவதற்குள் வேறு தகப்பன் வழிக்காரனுக்குக் கொடுத்துவிட வேண்டும். மாடு மேய்க்கிற ஹெரேரோக்களான எங்களில் ஒவ்வொரு வழிக்கும் இப்படி ஒன்று உண்டு. சிலருக்கு ஒரு நிறம் ஆகாது. எங்களுக்கு மோழை ஆகாது.

வருஷக்கணக்கில் கொடுத்திருக்கிறேன். பட்டி நிறைய மாடு நின்ற காலத்தில் ஒரு மோழைக் கன்று போவது பெரிய விஷயம் இல்லை. இப்போது பட்டியில் நிற்பது ஒரே பசு. பெயர் புழுதி, நிறமும் அதுதான். அவளுக்குப் பல் தேய்ந்துவிட்டது. இன்னும் ஒரு ஈத்து வந்தால் வரும், வராமலும் போகும். இந்தக் கன்றுக்குக் கொம்பு இருந்திருந்தால் என் தீக்கு இன்னொரு தலைமுறை மாடு. இல்லையென்றால் புழுதியோடு முடிந்தது.

கொம்பு இல்லை. அதைத் தெரிந்துகொண்டபோது எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கையை மணலில் துடைத்துக்கொண்டு டீ போடப் போனேன்.

எங்கள் மாடு பெரிய மாடு இல்லை. ஏலத்துக்கு ஓட்டிப்போனால் தராசுக்காரன் முகத்தைச் சுளிப்பான். ஆனால் மூன்று வருஷம் மழை பொய்த்தாலும் அது முள்மரத்துக்கு அடியில் விழுந்த நெற்றைப் பொறுக்கித் தின்னும், காய்ந்த புதரைக் கடிக்கும், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீருக்கு வரும். என் அப்பாவின் மாடுகள் அப்படி. அண்ணன் செத்தபோது வீட்டில் வளர்ந்த கடைசிக் காளையை அடித்தார்கள். சாவுக்கு மாடு விழ வேண்டும், கொம்பு கல்லறைக்குப் போக வேண்டும். சரி என்றேன். அதன் பிறகு ஏலத்தில் ஒரு சிவப்புக் காளை வாங்கினேன். நல்ல கொம்பு, நல்ல தொடை. வெள்ளைக்காரன் பண்ணையில் தொட்டியில் தீனி தின்று வளர்ந்தது.

எங்கள் பக்கம் மணல் மேட்டில் நச்சு இலை உண்டு. மழைக்கு முன்னால், மற்றதெல்லாம் காய்ந்து கிடக்கும்போது, அது மட்டும் ஒரு சாண் உயரத்தில் பச்சையாகத் துளிர்க்கும். அதைத் தின்ற மாடு நன்றாகத்தான் இருக்கும், தண்ணீர் குடிக்கும்வரை. சிவப்புக் காளை என் தொட்டியில் வயிறு முட்டக் குடித்துவிட்டு, தொட்டிக்குப் பக்கத்திலேயே விழுந்தது. அதற்குப் பிறந்த கன்றுகளும் அதைப் போலவே எதைக் கண்டாலும் வாய் வைத்தன. மந்தையில் வறட்சி கொன்றது பாதி, இலை கொன்றது பாதி. புழுதி மட்டும் அந்தப் பச்சையை மிதித்துக்கொண்டு போவாள், குனிய மாட்டாள். அவள் தாயும் அப்படித்தான்.

கால்நடை ஆபீஸ்காரன் வந்து, "சீக்கிரம் வித்துடுங்க பெரியவரே" என்று சொன்னான். யாருக்கு லாபம் என்று கேட்டேன். அதற்குமேல் அவனிடம் பேசவில்லை.

மே மாதம் அல்வினே செத்தாள். என் பெண்டாட்டி. அவள் சாவுக்கு மிச்சமிருந்த எருதுகளும் விழுந்தன. அவளுடைய தலைக்கட்டு இன்னும் ஆணியில் தொங்குகிறது. எங்கள் பெண்கள் கட்டுகிற தலைக்கட்டு இரண்டு பக்கமும் மாட்டுக் கொம்பு மாதிரி நீண்டிருக்கும். அதை எடுத்து வைக்கச் சொன்னார்கள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

புற்று மேட்டில் ஏறி நின்றால்தான் போனில் ஆள் குரல் கேட்கும். மகள் ஹில்டா கோபாபிஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கன்று பிறந்ததைச் சொன்னேன்.

"மோழையா? சரி, இருந்துட்டுப் போகட்டும்ப்பா. அது தலையைத் தடவிப் பாக்க யாரு வரப் போறா?"

"உங்க தாத்தன் வருவாரு."

"தாத்தா செத்து எத்தனை வருஷம் ஆச்சு!"

"அதனாலதான் வருவாரு."

"அப்ப ரெண்டையும் வித்துட்டு இங்க வந்துடுங்க. ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு."

"உன் ரூம்ல தீ எங்க போடறது?"

"கேஸ் அடுப்பு இருக்கு, போதாதா?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பும் நடுவில் நின்றது. "அப்பா, அம்மா போனதுக்கு நீங்க ஒரு சொட்டு அழலை. எனக்குப் பயமா இருக்கு."

"காத்து அடிக்குது. கேக்கலை" என்று சொல்லி வைத்துவிட்டேன். காற்று அடிக்கவில்லை.

பிறைக்கு முன்னால் ஒருநாள் காலையில் புழுதியைப் பட்டிக்குள் அடைத்துவிட்டு, கன்றைக் கழுதை வண்டியில் போட்டு எராஸ்டஸ் வீட்டுக்குக் கிளம்பினேன். எராஸ்டஸ் என் அத்தை மகன், அல்வினேயின் அண்ணன். அவன் தகப்பன் வழி வேறு, மோழை அவனுக்கு ஆகும். என் பட்டியில் பிறந்த மோழை எல்லாம் அவனுக்குத்தான் போயிருக்கிறது. அவன் காளையும் மோழை. என்னிடமிருந்து போன ஒரு கிடாரியின் வயிற்றில் பிறந்தது. இந்தப் பக்கம் இப்போது உயிரோடு இருக்கிற ஒரே காளை அது. புழுதிக்குச் சினை பிடித்ததும் அதனால்தான். அது தானாக வந்ததா, அவன் ஓட்டிவிட்டானா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

வண்டி மணலில் ஏறுகிறவரை பின்னால் புழுதி கத்திக்கொண்டே இருந்தாள்.

எராஸ்டஸ் பட்டி வாசலில் வாளிக்கு அடி ஒட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தலையில் ஒரு மயிர் கிடையாது.

"வாடா கொம்பா" என்றான். என் பேர் கமுத்துவா, ஆனால் சின்ன வயசிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுவான். "வண்டியில என்ன, சீதனமா?"

"உன் காளை பண்ணின வேலை. எறக்கிக்கோ, மொட்டை."

"என் காளைக்கு உன் வீட்டு வழியை நான்தான் சொல்லிக் குடுத்தேன். புத்து மேட்டுல திரும்பு, கெழவன் தூங்கற நேரமாப் போன்னு."

"சொல்லியிருப்ப. செய்யற ஆளுதான்."

அவன் எழுந்து வந்து கன்றைப் பார்த்தான். முதுகைத் தடவினான், காலைத் தூக்கிப் பார்த்தான், வாயைத் திறந்து பார்த்தான். பிறகு கையை எடுத்துக்கொண்டான்.

"எனக்கு வேண்டாம்."

இத்தனை வருஷத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கொடுப்பதற்குத்தான் வழக்கம் இருக்கிறது. வாங்க மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"வேண்டாம்னா?"

"வேண்டாம்னா வேண்டாம். உனக்கு இருக்கறது ஒத்தைப் பசு. அது கன்னையும் நான் புடுங்கிக்கிட்டா என் தங்கச்சி என்னைத் தூங்க விடுவாளா? ஓட்டிட்டுப் போ. நான் பாக்கலை, எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"அது உன் பாடு."

"நீ எறக்கலைன்னா போற வழியில புதர்ல விட்டுட்டுப் போவேன். நரி பாத்துக்கும்."

என் முகத்தைப் பார்த்தான். நான் சொன்னால் செய்வேன் என்று அவனுக்குத் தெரியும்.

"உன்னைக் கட்டிக்கிட்டு அவ எப்படித்தான் இத்தனை வருஷம் இருந்தாளோ" என்றான். "சரி, தாயையும் கொண்டா. பால் மறக்கற வரைக்கும் ரெண்டும் இங்க நிக்கட்டும். நச்சு இலை வர்ற காலம் வருது. கன்னு அவ பின்னால நடந்து பழகட்டும். அப்புறம் அவளை நீ ஓட்டிட்டுப் போ."

"அதானே பாத்தேன். கன்னு வேண்டாம்னு சொன்னது பசுவை வாங்கத்தானா?"

அவன் கன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். அவனிடம் கன்று செத்த ஒரு மோழைப் பசு இருந்தது. செத்த கன்றின் தோலை உரித்துக் காயவைத்திருந்தான். அதை என் கன்றின் முதுகில் கட்டி அந்தப் பசுவிடம் விட்டான். பசு முகர்ந்து பார்த்துவிட்டு நின்றது. நான் வண்டியைத் திருப்பினேன்.

வீட்டுக்கு வந்தபோது பட்டியின் முள்வேலி ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. புழுதி இல்லை.

தேடவே வேண்டியிருக்கவில்லை. அவள் வண்டித் தடத்தை விட்டு மணல் மேட்டின் மேலாகக் குறுக்கே போயிருக்கிறாள், அதனால் எனக்கு எதிரே வரவில்லை. மறுநாள் போய் எராஸ்டஸ் பட்டி வாசலிலிருந்து ஓட்டிவந்தேன். கயிறு கட்டவில்லை, முன்னால் நடந்தாள். இரண்டு நாள் கழித்து மறுபடி போனாள். மறுபடி ஓட்டிவந்தேன். அப்போதெல்லாம் எராஸ்டஸ் வாசலுக்கு வந்து நிற்பான், ஒரு வார்த்தை பேச மாட்டான். அவன் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அது எதற்கான தந்திரம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த தடவைக்கு முன்னால் அவளை முளையில் கட்டினேன்.

காலையில் கறந்த பாலை நான் முன்னோர் தீக்கு முன்னால் உட்கார்ந்து நாக்கில் வைத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் குடிக்கலாம். மற்றவர்கள் என்று இப்போது யாரும் இல்லை. ஆனாலும் வைக்க வேண்டும். கறப்பது அல்வினேயின் வேலை. புழுதிக்கு அவளைத் தவிர யாரும் மடியில் கை வைக்கக் கூடாது. அவள் செத்த பிறகு அவளுடைய சால்வையைப் போர்த்திக்கொண்டு போய்க் கறந்தேன். அதுவும் வறட்சியில் செத்த முந்தின ஈத்துக் கன்று அப்போது பக்கத்தில் நின்றதால்தான். எங்கள் மாடுகள் கன்றைப் பார்க்காமல் பால் விடாது. இப்போது கன்றும் இல்லை. சால்வையைப் போட்டுக்கொண்டு காம்பை இழுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். மரச் சொம்பின் அடிகூட நனையாது.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. எராஸ்டஸ் கழுதையிலிருந்து இறங்கி நின்றுகொண்டிருந்தான்.

"அடி யாருடி இவ, புதுப் பொண்ணு!" என்றான். "மீசை வச்ச பொண்ணை எங்கடா புடிச்ச?"

"கறக்க விடுறியா?"

"எதை? காத்தையா?"

பக்கத்தில் வந்தான். சால்வையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தான். பச்சையில் மஞ்சள் பூப் போட்டது, அவன்தான் அவளுக்கு வாங்கிக் கொடுத்தான். அவன் சிரிப்பு போய்விட்டது.

"அவ வாசனை இன்னும் இருக்கா இதுல?"

"மாட்டு வாசனைதான் இருக்கு."

"அதுதானே அவ வாசனை" என்றான். மூக்கைச் சிந்தி மணலில் போட்டான். நான் அவனைப் பார்க்காமல் காம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஏதாவது வரும் என்று பார்த்தேன். காலில் ஈ உட்கார்ந்தது, அதைத்தான் உணர்ந்தேன்.

அவன் புழுதியைச் சுற்றி வந்தான். விலா எலும்பு எண்ணுகிற அளவுக்குத் தெரிந்தது. நான் வெட்டிப் போட்ட தழை அப்படியே கிடந்தது.

"தின்னலையா?"

"தின்னுவா."

"எப்ப? செத்தப்புறமா?" குரல் ஏறியது. "வறட்சி கொல்லலை, இலை கொல்லலை. நீ கயித்தைக் கட்டிக் கொல்லப் போறடா. இவளும் போயிட்டா உன் தீக்கு முன்னால எதைடா கொண்டுபோய்க் காட்டுவ? இந்தச் சால்வையையா?"

"நீ எதுக்கு வந்த?"

"பசுவைக் கேட்டு வந்தேன். எனக்கில்லை, கன்னுக்கு. அந்தப் பசு அதைக் கிட்ட விடமாட்டேங்குது, தோல் நாத்தம் போனதும் எட்டி உதைக்குது. என் பொண்டாட்டி புட்டியில பால் குடுக்கறா. புட்டிக் கன்னு எதைக் கண்டாலும் ஓடிப்போய் வாய் வைக்கும். உன் செவப்புக் காளை மாதிரி."

"அது உன் கன்னு. நீ பாத்துக்கோ."

"ஆமா, என் கன்னு. இது உன் பசு. உன் பேர்லயே நிக்கட்டும். நாலு பேரைக் கூப்பிட்டு வச்சுச் சொல்றேன், இவ கமுத்துவா மாடு, எனக்கு இவ மேல உரிமை இல்லைன்னு."

"நாலு பேரைக் கூப்பிட்டுச் சொல்றவன்தான் அஞ்சாம் பேர்கிட்ட மாத்திச் சொல்லுவான்."

அவன் கழுதையின் கயிற்றைக் கையில் எடுத்தான்.

"உனக்கு அவ பொண்டாட்டி. எனக்கு அவ கூடப் பொறந்தவ. செத்தது உனக்கு மட்டும் இல்ல" என்றான். கழுதையில் ஏறிப் போய்விட்டான். நான் சால்வையை மடித்து வேலியில் போட்டேன்.

பட்டியில் மாடில்லாதவன் எங்கள் ஊரில் எப்படி வாழ்வான் என்று பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் உட்கார்வான், யாரும் அவன் பக்கம் திரும்பிக் கேட்க மாட்டார்கள். அவன் தீ சாம்பலாகக் கிடக்கும். அவனைப் பிள்ளைகள் நகரத்துக்குக் கூட்டிப்போய் ஒரு ரூமில் வைப்பார்கள். என் பட்டியில் ஒரு பசுவாவது நிற்கிறவரை நான் அவன் இல்லை. அவள் தின்றாலும் தின்னாவிட்டாலும் நிற்கட்டும் என்று இருந்தேன். கயிறு என் கையில் இருந்தால் மாடு என்னுடையது. அவள் எராஸ்டஸ் பட்டியில் நின்றால், நாலு நாளில் அவன் செத்துப்போவான், அவன் பிள்ளைகள் எங்களுக்குத் தெரியாது என்பார்கள். இதைத்தான் நினைத்தேன். இப்போதும் அது தப்பு என்று நான் சொல்லவில்லை.

நச்சு இலை துளிர்க்கிற காலம் வந்தது. வானம் காலையிலேயே வெளுத்துப்போய்க் கிடக்கும். கிழக்கே மேகம் வருவதுபோல் வரும், போய்விடும். ஒருநாள் விடிந்து பார்த்தால் முளை நின்ற இடத்தில் மணலில் குழிதான் இருந்தது. முளையைக் கயிற்றோடு பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறாள். அவ்வளவு பலம் அவளிடம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

இன்னொரு கயிற்றை எடுத்துக்கொண்டு தடம் பிடித்து நடந்தேன். கயிறு இழுபட்ட கோடு மணலில் பாம்பு போன மாதிரித் தெரிந்தது. இரண்டு இடத்தில் படுத்து எழுந்திருக்கிறாள். எராஸ்டஸ் பட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு மணல் மேடு, அதில் நச்சு இலை அதிகம். மேட்டில் ஏறியபோது கீழே மாடுகள் தெரிந்தன.

எராஸ்டஸின் மந்தை. ஒரு தலைக்கும் கொம்பு இல்லை. எல்லாம் மேட்டைக் கடந்து தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் காலடியில் இலை பச்சையாகக் கிடந்தது, அந்த நேரத்தில் அந்தத் தேசத்தில் வேறு பச்சை கிடையாது. ஒன்றுகூடக் குனியவில்லை. மிதித்துக்கொண்டு போயின, புழுதி போகிற மாதிரி.

நின்று பார்த்தேன். முன்னால் போன வெள்ளைக்காலி, புழுதியின் அக்கா போட்டது, அண்ணன் செத்த வருஷம் நான் கொடுத்தேன். அதற்குப் பின்னால் போன கறுப்பி அதன் மகள். புள்ளிக்காரி, ஹில்டா நர்ஸ் வேலைக்குப் போன வருஷம் போனது. ஒவ்வொன்றின் தாயும் எனக்குத் தெரியும். என் அப்பாவின் மாடுகள் எல்லாம் செத்துப்போயின என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவை என் கண் முன்னால் நடந்துபோய்க்கொண்டிருந்தன, கொம்பில்லாமல், வேறு ஒருத்தனின் சூட்டுக்குறியோடு.

கடைசியாகப் புழுதி. அவள் பக்கத்தில் கன்று. கன்று வளர்ந்திருந்தது, ஆனால் வயிறு மட்டும் தொப்பையாக, புட்டிப் பால் குடித்த கன்றுக்கு இருக்கிற மாதிரி. அது ஒரு செடியருகில் நின்று கழுத்தை நீட்டியது. புழுதி தலையைத் திருப்பினாள். அவள் கொம்பின் பக்கம் கன்றின் தாடையில் பட்டது. கன்று ஓரடி தள்ளிப்போனது. அவள் நடந்தாள். அதுவும் நடந்தது.

அவள் தெரிந்து தள்ளினாளா, ஈயை விரட்டத் தலையை ஆட்டினாளா, எனக்குத் தெரியாது. மாட்டுக்குப் புத்தி இருக்கிறது என்று கதை சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் கொஞ்ச தூரம் போய்க் கன்று இன்னொரு செடிக்குக் குனிந்தது. அப்போதும் அவள் தலையைத் திருப்பினாள்.

நான் இறங்கிப் போனேன். முளை இன்னும் கயிற்று நுனியில் கிடந்தது. கயிற்றைப் பிடித்தேன். அவள் நின்றாள். ஓடவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. கன்று முட்டி முட்டி மடியில் குடித்தது. இத்தனை நாள் எனக்கு ஒரு சொட்டு விடாத மடி. கன்றின் வாயோரம் நுரை வழிந்தது.

எராஸ்டஸ் மந்தைக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தான். என் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பக்கத்தில் வந்து நின்று புகையிலையை எடுத்துக் கொஞ்சம் எனக்கும் கொடுத்தான்.

"கூட்டிட்டுப் போறியா?"

"வந்தது அதுக்குத்தான்."

"போ. நான் தடுக்கலை. அவ நாளைக்கு மறுபடி வருவா. நாளன்னைக்கு வழியில விழுவா." கன்றைக் காட்டினான். "இதுவும் தண்ணித் தொட்டிகிட்ட விழும். அப்புறம் நீயும் நானும் ரெண்டு பேரும் மொட்டை."

நான் வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு நின்றேன். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மந்தை முட்டிக்கொண்டது. டீசல் பம்பு ஓடுகிற சத்தம் கேட்டது.

குனிந்து அவள் கழுத்திலிருந்த முடிச்சை அவிழ்த்தேன். இறுகிப் போயிருந்தது, பல்லால் இழுக்க வேண்டியிருந்தது. எராஸ்டஸ் கத்தியை நீட்டினான். வாங்கவில்லை. நல்ல கயிறு.

"கொம்போட ஒண்ணு போட்டா அது எனக்கு" என்றேன்.

"உனக்குத்தான்."

"மோழை போட்டா உனக்கு."

"என் காளைக்குக் கொம்பு இல்லைடா, கொம்பா. நீ ரொம்ப நாள் காத்திருக்கணும்."

"அது தாயோட தாய்க்குக் கொம்பு இருந்தது. என் வீட்டுக் கொம்பு. எப்பவாவது வரும்."

"வந்தா நானே வண்டியில போட்டுக் கொண்டுவர்றேன். நீ எனக்குக் கொண்டுவந்த மாதிரி." சிரித்தான். "வரலைன்னு புதர்ல விட்டுடாதே என்னை."

"நாலு பேரைக் கூப்பிட்டுச் சொல்லு, அவ என் மாடுன்னு."

"இப்ப அஞ்சாம் பேரு பயம் இல்லையா?"

"இருக்கு. ஹில்டாவையும் கூப்பிடு. அவளுக்கு மறதி கிடையாது."

புழுதி தண்ணீருக்குப் போனாள், கன்று பின்னால். அவள் குடிக்கிறதை நின்று பார்த்தேன். விழவில்லை. அவிழ்த்த கயிற்றையும் முளையையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பட்டி வேலியைச் சரிபண்ண வேண்டும் என்று நினைத்தேன், பிறகு எதற்கு என்று விட்டுவிட்டேன். வாசல் முள்ளை இழுத்துப் போட்டு மூடினேன், உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும். தீயின் கங்கு மேல் சாம்பலைத் தள்ளிவிட்டேன், அணையாமல் இருக்க.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் கழுதைச் சத்தம் கேட்டது. எராஸ்டஸ். கையில் மூடிபோட்ட தகர டின்.

"புழுதி பால்" என்றான். "என் பொண்டாட்டி கறந்தா. கன்னு பக்கத்துல நின்னுது. அது மோழை, அதையும் சொல்லிட்டேன். மறைச்சேன்னு நாளைக்குச் சொல்லாதே. உன் தீக்கு ஆகுமா ஆகாதா, நீயே பாத்துக்கோ."

டின்னை வாங்கினேன். அவன் உள்ளே வராமல் தூரத்திலேயே நின்றான். தீக்கு முன்னால் உட்கார்ந்தேன். முறைகேடாக ஏதாவது செய்கிறேனா என்று யோசித்தேன். மோழைப் பசுவின் பால் கூடாது என்றுதான் சொன்னார்கள். இவளுக்குக் கொம்பு இருக்கிறது. மோழைக் கன்று பக்கத்தில் நிற்கும்போது கறந்த பாலைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அப்பா எனக்குச் சொல்லியிருப்பார். சொல்லாததை நான் ஏன் கேட்க வேண்டும்?

சாம்பலை விலக்கிக் கங்கை ஊதினேன். அப்பா பேரைச் சொன்னேன், அவர் அப்பா பேரைச் சொன்னேன். புழுதி உயிரோடு இருக்கிறாள், தண்ணீர் குடித்தாள் என்று சொன்னேன். எங்கே நிற்கிறாள் என்பதையும் சொன்னேன். பட்டி காலி என்பதை அவர்களே பார்க்கலாம், பக்கத்தில்தான் இருக்கிறது. பாலை மரச் சொம்பில் ஊற்றி ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்தேன்.

"எப்படி இருக்கு?" என்று வெளியிலிருந்து கேட்டான்.

"பால் மாதிரி இருக்கு."

"அல்வினே கறந்த மாதிரியா?"

யோசித்துப் பார்த்தேன். அவள் கறந்த பால் எப்படி இருந்தது என்று நாக்கில் வரவில்லை.

"உள்ள வா" என்றேன். "நாக்குல வச்சாச்சு. மத்தவங்க குடிக்கலாம்."

அவன் வந்து உட்கார்ந்தான். சொம்பைக் கொடுத்தேன். அவன் குடிக்கிறவரை நான் வேலியில் கிடந்த சால்வையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்து உள்ளே வைக்க வேண்டும். எங்கே என்று தெரியவில்லை.